கத்தரி பிடிக்கும் கைகளுக்காகத் தேடியவர்

கோமளா அக்கா இறந்த செய்தியைப் பள்ளி வேன் ஓட்டும் மணியம் அண்ணன் சொன்னார். "கோமளா போயிடுச்சும்மா. கோலாலம்பூர்ல. நாலு நாள் காய்ச்சல்தானாம்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இருபத்து மூன்று வயது. படிப்பு முடிய ஒரு அரையாண்டுத் தவணைதான் பாக்கி.

அக்காவுடன் படித்தவர்கள் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயனில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவின் வேலை போனால் வீடும் போகும். "உங்கம்மாவுக்கு வேலையால கை போச்சுன்னு எங்கயும் எழுதிப்புடாத" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுவேன்.

எங்கள் லயனில் பிறந்த அக்கா தொழில்வழிச் சிகிச்சை படித்தார். கை முடங்கியவர் மறுபடி தானே சோறு பிசையவும் பொத்தான் போடவும் வேலைக்குத் திரும்பவும் பழக்கும் படிப்பு அது. தேயிலைத் தொழிலாளர்களின் கைகளைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முதலில் பார்த்தது என் அம்மாவின் வலது கையை. டம்ளர் பிடித்தால் நழுவும். விரல்கள் மரத்துப்போகும். கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போனபோது, "வயசாகுது லா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு நாற்பத்தொன்று.

பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு மாதம் தேடி எடுத்த ஒரு கட்டுக் கட்டுரைகளுடன் அக்கா வந்தார். எல்லாமே வெளிநாடுகளில் விரல் நுனியால் கொழுந்து கிள்ளுபவர்களைப் பற்றியவை. அவர் படிக்கப் படிக்க அம்மாவும் பக்கத்து வீட்டு முனியம்மா பெரியம்மாவும் சிரித்தார்கள்.

"யாருடி இப்ப விரலால கிள்ளுறா? கத்தரியும் மிஷினும்தானே!"

"லயன்லயே பொறந்துட்டு டூரிஸ்ட் மாதிரி பேசுறா பாரு" என்றார் பெரியம்மா.

பதின்மூன்று வயதில் பள்ளி விடுதிக்குப் போனவர் அக்கா. முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். "ரெண்டு மாசமா வேற யாரோட கையையோ தேடியிருக்கேன், பெரியம்மா."

மறுநாள் மலையேறி, அம்மா கத்தரியால் கொழுந்து வெட்டுவதை மதியம் வரை நின்று பார்த்தார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மாமா அதட்டினார். "என்னா, எங்களைப் பேப்பர்ல போடப் போறியா?"

"வலது கையைத் தலைக்கு மேல தூக்குங்க மாமா."

அவர் கை காதுக்கு மேல் ஏறவில்லை.

"உங்களையும்தான் மாமா போடணும்" என்றார் அக்கா. மாமா தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்று மாலை எங்கள் வீட்டில்தான் தேடினோம். லயனில் அக்காவின் போனுக்கு லைன் கிடைக்காது, என்னுடையதற்குக் கிடைக்கும். "தேயிலைய விடு. கத்தரி பிடிக்கிறவங்க வேற யாரு?" என்று கேட்டார். வேலி வெட்டுபவர்கள், பழத்தோட்டத்தில் கிளை கழிப்பவர்கள் என்று ஒவ்வொன்றாகப் போட்டோம். கட்டுரைகள் வந்து குவிந்தன. மரத்துப்போன விரல்கள், தூக்க முடியாத தோள்கள், கைப்பிடியை எப்படி மாற்றலாம் என்ற படங்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். எனக்கு இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.

ஒரு கட்டுரை மட்டும் வேறொரு நூலகத்திலிருந்து வர வேண்டியிருந்தது. என் போனிலிருந்தே பல்கலைக்கழக நூலகத்துக்கு அதைக் கேட்டு எழுதினார். அவரை எரித்த எட்டாம் நாள் என் போனுக்குப் பதில் வந்தது. "கட்டுரை வந்துவிட்டது, எங்கள் மாணவர்களுக்கு மட்டும், மாணவர் எண்ணை அனுப்பவும்." அக்காவின் எண் எனக்குத் தெரியும். அனுப்பவில்லை. "கேட்டவர் இறந்துவிட்டார். நான் பள்ளியில் நான்காம் படிவ மாணவி. அந்தக் கட்டுரை என் அம்மாவின் கைக்கு வேண்டும். யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்றாவது சொல்லுங்கள்" என்று எழுதினேன். பதில் வராவிட்டால் வேறு நூலகத்தைக் கேட்பேன். தப்பாகத் தேடியது தெரிந்தால் வெட்கப்படாமல் மறுபடி தொடங்குவது, இல்லை என்றால் வேறு கதவைத் தட்டுவது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவற்றைத்தான்.

இதை எழுதும்போதே கை மரத்து அம்மா விழித்துக்கொண்டார். கையை உதறியபடி வந்து நின்றார். மறைக்க முடியவில்லை, படித்துக் காட்டினேன்.

"பேரு போட்டியா?"

"இல்லம்மா. அப்பா..."

"என் கைதானே. போடு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்மாவின் பெயர் செல்வராணி. நான் அவர் மகள் தர்ஷினி.