விரிப்பில் விழுந்த நான்கு தீவுகள்

தண்ணீர் தெளித்த பருத்தித் துணிமேல் கரிப்பெட்டி ஏறும்போது 'சுர்'ரென்று ஓர் ஆவி கிளம்பும். எனக்கு அதுதான் அம்மாவின் வாசனை. ஜீவனஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மதிலோரம் தள்ளுவண்டி நிறுத்தி அம்மா 'இஸ்திரி' போட்டாள். ஒரு துணியிலும் சூடு விழாத கை என்று தெருவே சொல்லும். அந்தப் பேரை நம்பித்தான் பட்டுப்புடவைகள்கூட எங்கள் வண்டிக்கு வந்தன.

நான் படித்தது கன்னட மீடியம். ஏழாம் வகுப்பில் டீச்சர் பசிபிக் கடல் படத்தை மாட்டி, ஹவாய்த் தீவுகள் ஏன் வரிசையாக நிற்கின்றன என்று கேட்டார். பெண்பிள்ளைகளில் நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே. பூமிக்கடியில் நெருப்பு ஊர்ந்து போகிறது, போகிற இடமெல்லாம் மலை முளைக்கிறது என்றேன். பெட்டிதானே நகரும், துணி எங்கே நகரும்? நான் கண்ட உலகம் அவ்வளவுதான். டீச்சர் சிரித்துவிட்டு, "பெங்கி அல்லே இருத்தே, நெலா சலிசுத்தே" என்றார். நெருப்பு ஆழத்தில் அதே இடத்தில் இருக்குமாம், மேலே இருக்கும் பூமித்தட்டுதான் மெல்ல நகருமாம். அடியிலிருந்து பொங்கும் குழம்பு தட்டைத் துளைத்து ஒரு தீவை எழுப்பும். தட்டு அதைச் சுமந்துகொண்டு நகர்ந்துவிட, அதே நெருப்பின்மேல் அடுத்த தீவு எழும். தள்ளி இருப்பதுதான் மூத்தது. அது தேய்ந்து தேய்ந்து கடைசியில் கடலுக்குள் போய்விடும்.

வகுப்பே சிரித்ததில் எனக்கு ரோஷம். சாயங்காலம் அம்மா மாடிக்குத் துணி கொடுக்கப் போன நேரம், பழைய விரிப்பு என்று நினைத்து ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டேன். பெட்டியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு துணியை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினேன். நெருப்பு மேலே, தரை கீழே, தலைகீழ்ப் பூமிதான். ஆனாலும் வரிசையாக நான்கு பழுப்புத் தீவுகள் விழுந்தன. குதித்தேன். அது மூன்றாம் மாடி மேடத்தின் புது விரிப்பு என்று அம்மா வந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் நின்று, "என் கை தவறிப்போச்சு மேடம்" என்றாள். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டுத் துணி அதோடு நின்றது. பட்டுப்புடவைகளும் ஒவ்வொன்றாக வேறு வண்டிக்குப் போயின. மேடம் வேண்டாமென்று திருப்பிய விரிப்பை அம்மா என்னிடம் கொடுத்து, "இஸ்கூலுக்கு எடுத்துனு போய் காட்டு. கஷ்டப்பட்டு பண்ணிகிற இல்ல" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்த மதிலோரம் கார்கள் நிற்கின்றன. வண்டியும் இல்லை, கரியும் இல்லை. விரிப்பு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. பயந்து பயந்து வைத்த முதல் தீவு துவைத்துத் துவைத்து மறைந்தே போயிற்று. அம்மா என்னோடு இருக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காபி கொடுத்துவிட்டு, அத்தனை வருடத்தில் ஒரே ஒரு வாட்டிதான் தன் கை தவறியது என்று பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான். அம்மா இல்லை" என்றேன். இவ்வளவு காலம் கழித்து என் வாய் திறந்தது.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவ கெடக்கறா, நீ காபி குடிம்மா. அது என் கைதான்" என்றாள்.