என் மறுப்புக்குக் காவல் நின்ற டாக்டர் கோமதி

சின்னமனூரிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் வார்டில் ஊசிகளைக் கொதிக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் கோமதியின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாக சிஸ்டர். காலையில காப்பி கேட்டாக, கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் அவர் எப்படிப் போகலாம்?

அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். உங்களுக்கு அவர் கைராசிக்காரர். எனக்கோ, கடைசிவரை ஒத்துப்போகாதவர். பார்த்த நாள் முதல் எங்களுக்கு ஏழாம் பொருத்தம்தான். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

அவர் எங்கள் அரசு மருத்துவமனைக்கு வந்தபோது நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். வயதில் அவர் எனக்கு இளையவர். சின்னமனூரில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். நான் போடி கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வேதம் வாசிக்காமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கருக்கலைப்பைச் சட்டம் அனுமதித்துச் சில காலமே ஆகியிருந்தது. எங்கள் மருத்துவமனையில் முதல் பெண்ணுக்கு நாள் குறித்ததும், ஆபரேஷன் தியேட்டரில் உதவிக்கு என் பெயரைச் சொன்னார் டாக்டர்.

"என்னால முடியாது டாக்டரம்மா. மனசு ஒப்பாது" என்றேன்.

"இந்தப் பொண்ணு வேற எங்கிட்டாச்சும் போயிக் குச்சிய வச்சுக் கலைச்சுச் செத்துப்போனா, அது ஒப்புமா?"

"அதுவும் ஒப்பாது. ஆனா அந்தக் கருவிய என் கையால எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "சரி, உள்ள வர வேணாம். ஆனா மாட்டேங்கிறதக் காலையிலயே சொல்லிரணும். பொண்ணு மேசையில படுத்த பெறகு சொல்லக் கூடாது. அப்புறம், வெளிய கொண்டாந்ததும் அந்தப் பொண்ணு உங்க பொறுப்பு. மூஞ்சியச் சுளிச்சீக, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

முதல் நிபந்தனை எனக்குச் சுலபமாக இருந்தது. இரண்டாவதுதான் ஆளை வாட்டியது. அந்தப் பெண் திராட்சைத் தோட்டத்துக் கூலியாள், வீட்டில் ஏற்கனவே வரிசையாகப் பிள்ளைகள். மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, சாமி என்னைய மன்னிக்குமா?" என்று கேட்டாள். சிறு வயதில் மனப்பாடம் செய்த பதில்களெல்லாம் என்னிடம் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "மொதல்ல இந்தப் பாலக் குடிம்மா" என்றேன். குடித்துவிட்டு என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணிடமும் முகத்தைச் சுளிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மேலதிகாரி ஒருவர் மதுரையிலிருந்து பார்வையிட வந்தார். உள்ளே சிகிச்சை நடக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்டார். எனக்கு மழுப்பத் தெரியாது, உள்ளதைச் சொன்னேன். அடுத்த வாரமே மெமோ வந்தது. அரசுப் பணியைச் செய்ய மறுத்ததற்காக ஏன் சஸ்பெண்ட் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கணவரை இழந்தவள் நான். இரண்டு பிள்ளைகள் போடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு நாதி கிடையாது. வேலையா, மனசாட்சியா என்று கேட்டால் எதைச் சொல்வது என்று புரியாமல் அந்த வாரம் முழுக்க மெமோவை எடுத்து எடுத்துப் படித்தேன்.

விசாரணைக்கு டாக்டரையும் அழைத்திருந்தார்கள். அந்தச் சிகிச்சையைச் செய்கிறவர் அவர், என்னோடு நாள் தவறாமல் சண்டை போடுகிறவர். என் பக்கம் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை.

"மறுக்கலாம் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்கனயும் இல்ல சார்" என்றார் டாக்டர். "நல்லெண்ணத்தோட செய்யிற எனக்குப் பாதுகாப்பு எழுதியிருக்காக. செய்ய மாட்டேங்கிற இவுகளுக்கு ஒரு வரி எழுத மறந்துட்டாக. மறந்தது அவுக, தண்டனை இவுகளுக்கா?"

"அப்படியானால் இவர் செய்வது சரி என்கிறீர்களா?"

"தப்புன்னுதான் சொல்றேன். அத இவுககிட்டயே தெனமும் சொல்றேன். ஆனா எந்தப் பொண்ணையும் இவுக கைவிட்டதில்ல. மனசு ஒப்பாம கத்திரி எடுத்துக் குடுத்தாக் கை நடுங்கும். என் தியேட்டருக்குள்ள நடுங்குற கை எனக்கு வேணாம்."

அதிகாரி கோப்பை மூடி வைத்தார். தியேட்டர் வேலைக்கு வேறொரு நர்ஸை ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லி, மெமோவை அத்தோடு விட்டார்கள். வெளியே வந்து நன்றி சொல்லப் போனேன். "நன்றியெல்லாம் வேணாம். நீங்க சொல்றது தப்புதான்" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ஆள் சேர்க்கச் சொல்லி மேலிருந்து கழுத்தை நெரித்தார்கள். ஒரு நாள் காலையில் மலை எஸ்டேட்டிலிருந்து லாரியில் ஆண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் போய், "நீங்களா வந்தீகளா, கூட்டியாந்தாகளா?" என்று விசாரித்தார்.

"எதுக்குன்னே தெரியலம்மா. கங்காணி ஏறச் சொன்னாக, ஏறிட்டேன்" என்றான் ஒருவன்.

"கலியாணம் ஆயிருச்சா?"

"இனிமேத்தாம்மா."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். தானாக வந்தவர்களுக்கு மட்டும் செய்வேன், மற்றவர்களைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி குதித்தார். "முடியாது என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் பணியை மறுத்ததற்கு என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். என் பிள்ளைகளின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஆனாலும் அன்று எனக்குப் பயமே இல்லை.

"மாட்டேன்னு காலையிலயே சொல்லிட்டாக சார். நான் அதுக்குத்தான் சாட்சி" என்றேன். "மீறி அறுக்கச் சொன்னா, நடுங்குற கைக்கு நீங்க பொறுப்பேத்துக்கிருவீகளா?"

பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. பாதி லாரி திரும்பிப் போயிற்று. டாக்டருக்கு ஆண்டிபட்டிப் பக்கம் மாற்றல் வந்தது. "வைகை அணைப் பக்கந்தான போறேன் சிஸ்டர், மீனு நல்லாக் கெடைக்கும்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினார். அன்று நான் அழுதேன். சில வருடங்களில் அவர் அரசு வேலையை விட்டுவிட்டுச் சின்னமனூரிலேயே மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "இன்னைக்கும் நீங்க தப்புதான் சிஸ்டர்" என்றார். "நீங்களுந்தான் டாக்டரம்மா" என்றேன். மாத்திரை போடும் நேரம் வரை மல்லுக்கட்டினோம். அடுத்த முறை வரும்போது முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பஸ் ஏறினேன்.

அவர் வழிக்கு நான் வரவில்லை, வரவும் மாட்டேன். மறுக்கிறவர்களைக் காக்க எழுத மறந்ததாக அவர் சொன்ன அந்த ஒரு வரி இன்றுவரை சட்டத்தில் இல்லை. எழுதும்வரை அந்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். நான் இப்போது தலைமை நர்ஸ். பணி செய்ய மறுத்தாள் என்று யாருக்கு மெமோ வந்தாலும் விசாரணைக்கு அவளோடு போய் நிற்கிறேன். போன வாரம்கூட ஒருத்திக்காகப் போய்ச் சண்டை போட்டு, வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அவள் மறுத்த காரணம் எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.