மூன்று பள்ளிக்கூடங்களும் ஒரு வெள்ளிக்கிழமையும்

என்னுடைய பூகோளப் புத்தகத்தில் எப்போதும் ரச வாசனை அடிக்கும். கனடா தேசத்தைத் திறந்தால் பெருங்காயம், ஆப்பிரிக்காவுக்குப் போனால் கொத்துமல்லி என்று வகுப்பில் என் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வார்கள். தினமும் சாயங்காலம் சமையலறை வாசற்படியில் நின்று அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்ததால் வந்த வாசனை அது. உள்ளே அடுப்பின் முன்னால் என் அக்கா விசாலம் நிற்பாள். அவள் குளித்து மடியுடுத்திச் சமைப்பவள். ஊரெல்லாம் தொட்ட பள்ளிக்கூடப் புத்தகம் மடிக்கு ஆகாது, அதை அவள் தொடவும் கூடாது, அது படியைத் தாண்டி உள்ளே வரவும் கூடாது. ஆகவே நான் வெளியே நின்று பிடித்துக்கொண்டிருப்பேன், அவள் கரண்டியும் கையுமாக எட்ட நின்று படிப்பாள், படித்து முடித்ததும் "ம்" என்பாள், நான் பக்கத்தைத் திருப்புவேன். கை வலிக்கிறது என்று நான் முனகினால், "இந்த ஒரு பக்கம் மாத்ரம்டி, என் கண்ணோல்லியோ" என்று கெஞ்சுவாள். அந்த ஒரு பக்கம் ஒருநாளும் ஒரு பக்கத்தோடு நின்றதில்லை.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்த அந்த வீட்டில், யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில், மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமான படிப்பு நடந்தது. யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல அது. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். கடை முதலாளியும் அந்தப் பக்கத்துக்காரர், வருகிற வியாபாரிகளும் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதால் எத்தனை வருஷமாகியும் அவருக்கு மலையாளம் காதோடு நின்றுவிட்டது, நாக்குக்கு வரவில்லை. எனக்கு அண்ணாவான சேஷு ஆண்பிள்ளை, அதனால் சர்க்கார் பள்ளிக்கூடம். நான் கடைக்குட்டி, எனக்கு ஒரு தனியார் பள்ளிக்கூடம் வாய்த்தது. மூத்தவளான அக்காவுக்கு வீடு. அம்மாவுக்கு இளைப்பு நோய். அடுப்புப் புகை பட்டால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்கவும் நாலு கணக்குப் போடவும் அம்மாவிடமும் அப்பாவிடமும் கற்றுக்கொண்ட மட்டில் அக்கா கையில் கரண்டி வந்துவிட்டது.

சேஷுவின் பள்ளிக்கூடம் ஒரு சந்தைக்கடை. ஒரு பெஞ்சில் உட்கார வேண்டியவர்களைப்போல் இரண்டு மடங்கு பிள்ளைகள். ஒருவன் எழுதினால் அடுத்தவன் முழங்கை இடிக்கும். சட்டைப் பொத்தான் இல்லாமலும், சில நாள் காதில் வாத்தியார் கிள்ளிய தழும்போடும் வருவான். ஆனால் அவன் நாக்கு மலையாளத்தில் அப்படி உருளும். எங்களிடம் சண்டை போடும்போதுகூட "போடி அவ்டுந்நு" என்றுதான் வரும். அவனுக்குக் கூட்டாளிகள் தெருத்தெருவாக இருந்தார்கள். கணக்கு மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது, அந்தக் கூட்டத்தில் அவனுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கவும் அங்கே ஆள் இல்லை.

என் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். மெழுகு போட்ட மேஜை, தோட்டத்தில் ரோஜா, இங்கிலீஷில் பாட்டு. வேறு பாஷை பேசினால் மூலையில் நிற்க வேண்டும். ஆனால் நான் அங்கே போனதே என் பொருட்டு அல்ல. முதலாளியின் மகள் கோமதி வில்வண்டியில் தனியாகப் போக அழுதாள். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று முதலாளி கேட்டார், அப்பா என்னைக் கொடுத்தார், என் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் முதலாளியே கட்டினார். கோமதி கெட்டவள் இல்லை. ஆனாலும் அங்கே டீச்சர்களுக்கு நான் கடைசிவரை "கோமதி கூட வர்ற குட்டி"தான். அவளுக்கு ஜலதோஷம் என்றால் வண்டி வராது, வண்டி வராவிட்டால் எனக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. அந்தக் கட்டிடத்தில் சிரித்துப் பேசிய ஒரு நாள்கூட எனக்கு நினைவில் இல்லை.

அக்காவின் படிப்புக்கு மணி அடிக்கவும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. காலையில் சேஷுவின் மலையாள பாடபுஸ்தகம், சாயங்காலம் என் புத்தகங்கள், எல்லாம் அந்த வாசற்படிக்கு அப்பாலிருந்து பார்த்ததுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மலையாள எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள். பேச ஆளில்லாததால் பேசத் திணறுவாள், ஆனால் அச்சில் இருந்தால் புரிந்துகொள்வாள். சேஷுவின் கணக்குகளைப் புளி கரைத்துக்கொண்டே வாயால் போட்டு விடை சொல்லுவாள். அவன் சமர்த்தாக எழுதிக்கொண்டு போவான்.

விடுமுறைக்கு மலையாளத்தில் "அவதி" என்று சொல்வார்கள். தமிழில் அதற்குப் படாத பாடு என்று அர்த்தம். "நாளைக்கு அவதி" என்று சேஷு குதித்துக்கொண்டு வருவதும், "உனக்கு அவதின்னா எனக்கும் அவதிதாண்டா" என்று அம்மா அலுத்துக்கொள்வதும் எங்கள் வீட்டு வாடிக்கையான பரிகாசம். அக்காவுக்கு விடுமுறை என்றால் மாதத்தில் அந்த மூன்று நாள்தான். தூரமாகி, கொல்லைப்புறத்து அறையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவளுக்கு மடியும் இல்லை, அடுப்பும் இல்லை. புத்தகத்தைத் தன் கையில் எடுத்துத் தானே பக்கம் திருப்பிக்கொள்வாள். சரஸ்வதியை அந்த நாளில் தொடலாமா என்று கேட்க வேண்டிய அம்மா, பார்க்காததுபோல் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அக்காவுக்கு அது இரண்டு பாஷையிலும் அவதிதான்.

ஒரு வருஷம் சேஷு கணக்கில் தோற்றான். அப்பா அவனை எதிரில் உட்கார்த்திவைத்து ஒரு கணக்கைக் கொடுத்தார். அவன் விழித்தான். உள்ளேயிருந்து அக்கா தன்னை மறந்து விடையைச் சொல்லிவிட்டாள். அப்பா இன்னொன்று கொடுத்தார், அதற்கும் விடை உள்ளேயிருந்தே வந்தது. அப்பா எழுந்து சமையலறை வாசற்படிவரை வந்து அவளைப் பார்த்தார். அதற்குள் அம்மாவுக்கும் ஒரு வைத்தியர் மருந்தால் உடம்பு சற்றுத் தேறியிருந்தது. மறுவாரமே சர்க்கார் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அக்காவைச் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்தார். பரீட்சை வைத்துப் பார்த்து, தேறினால் நாலாவது பாரத்தில் எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஜாதகமும் ஏற்கெனவே இரண்டு இடத்துக்குப் போயிருந்தது; பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று அம்மாவே சொன்னாள். அக்கா அந்த நாட்களில் சமைத்த சமையலில் உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது.

புதன்கிழமை அப்பா பள்ளிக்கூடத்து ஆபீசுக்குப் போய் விண்ணப்பத்தை வாங்கி வந்தார். பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். மறுநாள் கடைக்குச் சரக்கு வருகிற நாள், அப்பாவால் நகர முடியாது. "வெள்ளிக்கிழமை போலாமா அப்பா?" என்று அக்கா கேட்டாள். "வெள்ளிக்கிழமை லீவாம். குமாஸ்தா சொன்னார். திங்கட்கிழமை போய்க்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சேஷு வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அக்கா கரண்டியைப் பிடித்தபடி, சேஷுவுக்கு ஸ்கூல் இருக்கிறதே என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். இந்த ஊரில் கோவில் உற்சவத்துக்கும் கொட்டாரத்து மகாராஜா பிறந்தநாளுக்கும் எப்போது எதற்கு லீவு விடுவான் என்று யார் கண்டது, பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏதோ இருக்கும் என்றார் அப்பா. அதுவும் நடக்கக்கூடியதுதான்.

திங்கட்கிழமை கோமதிக்குக் காய்ச்சல், வண்டி வரவில்லை. நானும் அவர்களோடு போனேன். அக்கா நீலத் தாவணி போட்டுக்கொண்டு, வழியெல்லாம் வாய்க்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "அவதி கழிஞ்ஞு போயல்லோ, ஸ்வாமி" என்றார்.

அப்பா சிரித்தார். "ஆமா ஆமா, அவதி கழிஞ்சப்றம்தானே வந்திருக்கோம்" என்றார்.

குமாஸ்தா அவரையே பார்த்தார். அக்கா என் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். சேஷுவின் பாடபுஸ்தகத்தில் அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தத்தை அவள் படித்திருந்தாள். "அப்பா, லீவு இல்லை. கெடுவைச் சொல்றார். கெடு முடிஞ்சுபோச்சு" என்றாள்.

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை, கடைசி நாளும் அதே அவதிதான். "வெள்ளியாழ்ச்ச அவதியாணு" என்று குமாஸ்தா சொன்னது வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று. அப்பாவுக்குத் தெரிந்த அவதி, சேஷு குதித்துக்கொண்டு வருகிற அவதி ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அக்காவுக்குப் புரிந்திருக்கும். தமிழ் வீட்டில் தமிழாக, "லீவு" என்று மாற்றிச் சொல்லிவிட்டார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தார், அவரும் இரக்கத்தோடுதான் பேசினாராம். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் வயது ஒத்துவராது என்றாராம். திரும்பி வரும் வழியில் அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். அன்று சாயங்காலம் நான் பூகோளப் புத்தகத்தோடு வாசற்படிக்குப் போய் நின்றேன். அக்கா திரும்பிப் பார்க்காமல், "மதிடி. கொண்டுபோய் வை" என்றாள். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் "மதி" என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு அவள் என்னைப் புத்தகம் பிடிக்கச் சொல்லவே இல்லை. தை மாதம் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள்.

இப்போது அந்தத் தெருவில் எங்கள் வீடு இல்லை, இடித்துவிட்டு மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். சேஷு படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது, அவன் பெயர் அங்கே ஏதோ ஒரு பழைய பதிவில் இருக்கும். என் பள்ளிக்கூடம் பெரிதாகிவிட்டது, பழைய மாணவிகள் கூடும்போது எனக்கும் அழைப்பு வரும். போவதில்லை. அதில் படித்து, பிறகு காலேஜுக்கும் போய், ஓய்வு பெறும்வரை வாத்தியாரம்மா என்று பேர் வாங்கியவள் நான். மடியும் போய்விட்டது, என் பேத்தி அடுப்பு மேடையிலேயே புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தோசை வார்க்கிறாள்.

அக்கா விதவையாகி, மகனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து, மறுபடி ஸ்ரீவராகத்துக்கே வந்து சேர்ந்தாள். சென்ற முறை ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தபோது நான் அவள் வீட்டில் இருந்தேன். வந்தவள் சின்னப் பெண், ஏதோ பள்ளிக்கூடத்து டீச்சர். மருமகள் எல்லோருடைய வயதையும் சொன்னாள். அந்தப் பெண் அக்காவைப் பார்த்து, "அம்மூம்ம எது வரெ படிச்சு?" என்று கேட்டாள்.

"படிச்சிட்டில்ல மோளே" என்றாள் அக்கா, படிக்கவில்லை என்று.

எனக்குப் பொறுக்கவில்லை. இவள் படித்தவள், என்னைவிடப் படித்தவள் என்றேன். அந்தப் பெண் மரியாதையாகப் பேனாவை நிறுத்தி, "ஏது ஸ்கூளிலா?" என்று கேட்டாள். சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே.

"அவ கிடக்கா. படிச்சிட்டில்லன்னே எழுதிக்கோ" என்றாள் அக்கா. அந்தப் பெண் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.