நான் கொன்ற வலம்புரிச் செடி

என் மூத்த மகளுக்கு அப்போது நான்கு மாதம். சாயங்காலம் ஆனால் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழ ஆரம்பிப்பாள். வலம்புரிக்காயை உரைகல்லில் தேய்த்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் ஒரு சொட்டு வைத்தால்தான் அடங்குவாள். விரல் நீளக் காய் அது, கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டிருக்கும். வயிற்று முறுக்கலுக்கு முறுக்கின காய் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, தெரியாது. என் மகளுக்குக் கேட்டது.

அந்தக் காயையும் சீயக்காயையும் மலையிலிருந்து எங்கள் விஜயபுரத்துச் சந்தைக்குக் கொண்டுவருபவள் ஒருத்திதான். மூன்று வாரமாக அவளைக் காணோம். டப்பாவில் மூன்றே காய்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லைக்கோடு எந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். ஊர் மதராசுக்கு, மலை ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் ஒருவர் தீர்மானமாகச் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன் அல்லவா, விடையை உடனே கண்டுபிடித்துவிட்டேன். கோடு போட்டாகிவிட்டது, அதனால் அவளை மலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையோடு சைக்கிளில் மலையடிவாரத்துக்குப் போனேன். கல்லும் கரம்புமான சரிவில், ஒரே தூரிலிருந்து ஏழெட்டுக் கொம்புகளாக, ஒன்றரை ஆள் உயரத்தில் நின்றது செடி. இலை பூனை நாக்கு போலச் சொரசொரத்தது. காய்களெல்லாம் வெடித்து விதை உதிர்ந்து கிடந்தன. அதனால் என்ன, செடியையே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் கோடு என்னை என்ன செய்யும்? இருப்பதில் சின்னதாகப் பார்த்து ஒன்றைத் தோண்டினேன். கட்டுவதற்குக் கயிறு இல்லை. பட்டையை உரித்துப் பார்த்தேன், நாராக நீளமாக வந்தது, இழுத்தால் அறவில்லை. செடியை அதன் நாராலேயே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கிணற்றடியில் நட்ட எட்டாம் நாள் இலை பழுத்தது. பதினைந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் ஊற்றினேன், எரு போட்டேன், தென்னங்கீற்றில் நிழல் கட்டினேன். உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் நிம்மதி. அடுத்த நாள் மறுபடி சந்தேகம் வரும், வேறு இடத்தில் கீறுவேன். ஒரு மாதத்தில் கொம்பெல்லாம் என் நகம்.

சித்திரையில் ஒரு நாள் சந்தையில் அவளே உட்கார்ந்திருந்தாள். கோட்டைத் தாண்டி எப்படி வந்தாய் என்று மெல்லக் கேட்டேன்.

"இன்னா கோடு வாத்தியாரே? ஏர்பேட்டுல வேர்க்கல்லை புடுங்கிக்கினு இருந்தேன்."

செடியைக் கொன்றுவிட்ட கதையைச் சொன்னேன். சீயக்காயை அளந்துகொண்டே கேட்டவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மலைக்குப் போய்ப் பாரு. அங்க அத்தினியும் செத்துதான் நின்னுக்கினு கீது. எல்லாத்தியும் நீயே கொன்னியா?"

போய்ப் பார்த்தேன். சரிவு முழுக்க வெறும் குச்சி. கோடையில் அவை எல்லா வருஷமும் இலையை உதிர்த்துவிட்டு அப்படித்தான் நிற்குமாம். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சித்திரையிலும் கவனித்ததில்லை. பக்கத்திலிருந்த ஒரு குச்சியைக் கீறிப் பார்த்தேன். பச்சை. அப்பாடா என்று இருந்தது.

சந்தையில் அவளிடம் வாங்கிய கைநிறையக் காயை வீட்டில் வெற்றியோடு நீட்டினேன். மனைவி டப்பாவைத் திறந்து காட்டினாள். மூன்று காயும் இருந்தன, ஒன்று மட்டும் நுனி தேய்ந்து.

"கொழந்த அழுவுறத உட்டு இருவது நாளாவுது. சாயங்காலமானா நீங்க அந்தக் குச்சிகிட்ட குந்திக்கினு இருந்தா எப்டித் தெரியும்?"

எனக்கு நம்ப முடியவில்லை. ஏதாவது உள்நோயாக இருக்குமோ, அழக்கூடத் தெம்பு இல்லாமல் போயிருக்குமோ என்று ஆரம்பித்தேன். மனைவி உரைகல்லை எடுத்து, அந்த நுனி தேய்ந்த காயையே இன்னும் கொஞ்சம் தேய்த்து, வெந்நீரில் குழைத்து என் நாக்கில் தடவினாள். ஒரே துவர்ப்பு. மகள் அவள் இடுப்பிலிருந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் மழைக்கு, நான் நட்ட செடியின் தூரிலிருந்து புதுக் கொம்புகள் கிளம்பின. கோடும் ஒருவழியாக வந்தது. மலையும் ஊரும் ஆந்திராவுக்கே. செடி எந்த ராஜ்யத்திலிருந்து தப்பித்து வந்ததோ அதே ராஜ்யத்தில்தான் எங்கள் கிணற்றடியில் நின்றது. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் பூத்தது. நல்ல சிவப்பு. தேன்சிட்டு வந்து மூக்கை நுழைத்தது. மறுநாள் பார்த்தால் அதே பூ வெளுத்து, சாம்பலும் நீலமுமாக, பிணத்தின் உதடு போல இருந்தது. நகத்தைத் தீட்டிக்கொண்டு ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது மனைவி வாசற்படியில் உரைகல்லோடு உட்கார்ந்திருந்தாள்.