ஓட்டில்லாத இடத்தில் ஒரு கவர்னர்

எழுபதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். மாற்றலாகிப் போன பாதிரியார் ஒருவர் தன் பழைய புத்தகங்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவருடைய வாழ்க்கை. சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். தானாகவே படித்து, கூட்டங்களில் பேசப் பழகி, பல தேர்தல்களில் தோற்றுக் கடைசியில் ஜெயித்தவர். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூடப் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன்.

மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அந்த வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுக் கவர்னர் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கொழுந்தெடுத்த ஈரத்தோடேயே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். என் அக்காவும் வருவாள். அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்ச் சம்பாதித்ததில்தான் நான் படித்தேன்.

கவர்னர் ஜெயித்த இடத்துக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "அவர யாரு தம்பி கவர்னராக்குனா?"

ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றேன்.

"ஆலையில வேல செஞ்சவங்களுக்கும் ஓட்டு இருந்துச்சா?"

ஆண்களுக்கு இருந்தது என்றேன். அந்த அறையில் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது, எனக்கும்தான். இங்கேயே பிறந்தும் எந்த நாட்டுக்கும் பிரஜையாகாதவர்கள் நாங்கள்.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் அரசியல் பேசக் கூடாது என்றார். அது அமெரிக்காக்காரர் கதை என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் தெரியும் என்றவர், மாலை வகுப்பு இனி வேண்டாம் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் துணி துவைக்கும் பெண்களுக்கு நடுவே என்னை ஒரு கல்லில் உட்காரவைத்தாள். பதவி போன பிறகும் கவர்னர் மறுபடி தேர்தலில் நின்றதுவரை சொல்லி முடித்தேன்.

எங்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, அடுத்த வருஷம் அக்காவுக்கும் அத்தானுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. போக வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கும் மனசில்லதான். ஆனா இங்க இருந்தா மட்டும் நம்மள யாரு கேக்கப் போறாங்க?" என்றாள். அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறினாள்.

நீலகிரியிலும் அவளுக்குத் தேயிலை வேலைதான். அங்கே முதல் தடவை ஓட்டுப் போட்ட அன்று, விரலில் வைத்த மையை லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும் காட்டினாளாம். அவளைப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னார்.

எனக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைக்க எண்பதுகளின் கடைசி ஆகிவிட்டது. ஓட்டுப் போட நின்ற அன்று இரண்டு தடவை வரிசையை விட்டு வெளியே வந்து, மறுபடி போய் நின்றேன். யாருக்குப் போடுவது என்ற குழப்பமில்லை. பக்கத்தில் நிற்க வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். போட்டு முடித்தபின் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. மழையிலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன்.