இலை இல்லாமல் வந்த பூ

அன்று அமெரிக்காவில், தங்கையின் பார்சிப்பனி வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தங்கை கவிதா, அவள் வீட்டுக்காரர் பிரபு, கோபியிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது பிரபுவின் அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டோரிஸ் என்ற அமெரிக்கக்காரம்மா, அப்புறம் நான். கவிதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றில் இருந்ததையும் ஓர் ஆளாகச் சேர்த்துச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமில்லை. ஏற்கெனவே இரண்டு முறை சேர்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சையே நிறுத்தியவர்கள் நாங்கள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை வேளை. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள், இங்கே செடிகொடியெல்லாம் சாகத் தயாராகிற மாதம் அது. அந்த மாதத்தில் வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு பூக்கள் நின்றன. இலை இல்லை, கிளை இல்லை. வெளுத்த ஊதா நிறத்தில், விரல் நீளத் தண்டில், பூ மட்டும். மண்ணுக்கடியில் படுத்திருப்பவர்கள் விரலை மட்டும் வெளியே நீட்டிப் பார்ப்பது போலிருந்தது. முந்தின நாள் அங்கே ஒன்றுமே இல்லை என்றாள் கவிதா. அந்த வீட்டை அவர்கள் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னே இருந்த அம்மாள் இறந்துபோனவள். வசந்தத்தில் அதே இடத்தில் அகல அகலமாக இலைகள் வந்து, ஜூனில் காய்ந்து விழுந்தன. செத்தவள் வைத்த செடி நம் கையில் செத்துவிட்டதே என்று கவிதா அப்போது வருத்தப்பட்டாள்.

பிரபு போனைப் பூவுக்கு நேரே காட்டினார். குரோக்கஸ் என்று வந்தது. குங்குமப்பூவும் குரோக்கஸ்தான் என்று அதற்குக் கீழேயே இருந்தது, படமும் அச்சு அசலாக அப்படியே. அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருமகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்கவென்று ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமப்பூ டப்பா அந்த வாரம்தான் காலியாகியிருந்தது. தட்டு எடுத்துவந்து, பூவுக்குள்ளிருந்த மஞ்சள் நூல்களையெல்லாம் கிள்ளிப் போட ஆரம்பித்தார். காய்ந்தால் சிவந்துவிடும் என்றார். நான் டோரிஸைப் பார்த்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தின்னலாமா என்று கேட்டேன். மான்கூட இதைத் தொடாது என்று சொல்லிச் சிரித்தாள். ஏதாவது வந்து பூவைத் தின்றுவிடுமே என்று நான் கவலைப்படுவதாக அவள் எடுத்துக்கொண்டாள் போல. பிரபு அதை அத்தையிடம், "மான்கூட நமக்குன்னு விட்டு வெச்சிருக்கும்மா" என்று மாற்றிச் சொன்னார்.

அந்தத் தெருவின் மான்கள் கவிதாவின் கத்தரியை, மிளகாயை, செண்டுமல்லியைக்கூட விட்டுவைத்ததில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்குக் காடுகள் உண்டு. கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள், தீ மாதிரி இருக்கும். வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பூவாக மகரந்தத் தூளைத் தொட்டு இன்னொரு பூவின் சூல் நுனியில் தடவ வேண்டும். ஒன்பது வருடம் அந்த வேலை செய்தேன். கவிதா காலேஜ் போனதில் அந்தத் தூளும் கொஞ்சம் உண்டு. விதை மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறும், மருந்துக்கு என்பார்கள். ஆடு அந்தக் காட்டுப் பக்கம் வாய் வைக்காது. தோட்டத்துக்காரர் மருமகள் ஒருத்தி, புதிதாகக் கட்டி வந்தவள், சர்க்கரைவள்ளி என்று நினைத்து அந்தக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் மறுநாள் எழுந்து உட்கார்ந்து எங்களோடு சிரித்துப் பேசினாள். பிழைத்துக்கொண்டாள் என்று திரும்பி வந்தோம். நான்காம் நாள் போய்விட்டாள். அந்த மறுநாள் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு பூவை விரித்துப் பார்த்தேன். தூள் நிற்கும் தூள்காம்பு ஆறு, எங்கள் காட்டுப் பூவில் இருப்பது போலவே. மண்ணைக் கிளறினேன். கிழங்கில் ஒரு பக்கம் மட்டும் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இது அதுதான் என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. நிறமே வேறு, நாடே வேறு. ஆனால் என் விரலுக்குத் தெரிந்தது.

நான் உள்ளே போவதற்குள், அத்தை அந்த நூலில் கொஞ்சம் பச்சையாகவே போட்டுக் காய்ச்சிய பால் டம்ளருக்கு வந்திருந்தது. எனக்கு நல்லதாகப் படவில்லை என்றேன். பிரபு சிரித்தார். "அக்கா, போன வாரம் மைக்ரோவேவுக்குப் பயந்தீங்க. இந்த வாரம் பூவுக்கா? அடுத்த வாரம் என்னங்க?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிளேன் ஏறினால், போன் எடுக்காவிட்டால், கதவு சத்தம் போட்டால், எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து என் பயத்துக்கு மதிப்பே இல்லாமல் ஆக்கி வைத்திருந்தேன். கவிதா டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"வேண்டாஞ் சாமி, குடிக்காத" என்று பிடுங்கி சிங்கில் கொட்டினேன்.

அத்தை சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஏங்கண்ணு, தனக்கொண்ணு இல்லாட்டி மனசு இப்படியா போகும்?"

எனக்குப் பிள்ளையில்லை. கவிதா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது. நான் இருக்கும் ஐசலினுக்குத் திரும்பி வந்து, வேலை பார்க்கும் ஓட்டல் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே போன் போட்டேன், ஒன்பது தடவை. எடுக்கவில்லை. திங்கள் மாலை ஒரே ஒரு போட்டோ அனுப்பினாள். தட்டில் தோசை, பக்கத்தில் அவள் சிரித்த முகம். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அனுப்பியிருப்பாள். எனக்கோ அது அந்த மருமகளின் மறுநாள் சிரிப்பாகத் தெரிந்தது.

என்னைப் பொய்யாக்கவென்றே பிரபு தோட்டக்கலை அலுவலகம் ஒன்றுக்குப் பூவின் படங்களை அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. குங்குமப்பூவில் தூள்காம்பு மூன்று, இதில் ஆறு. இது கொல்ச்சிக்கம். பூ முதல் கிழங்கு வரை விஷம். யாராவது சாப்பிட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். கீழே அந்த விஷத்தின் பெயர். பிரபு அதைத் தேடியபோது கண்வலிக்கிழங்கின் படம் வந்தது. கவிதாவை ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். உதட்டில்கூடப் படவில்லை என்றாள் கவிதா. பிரபு போனை அவள் வயிற்றுப் பக்கம் இருந்த கருவியருகே வைத்தார். வயிற்றுக்குள் துடித்த அந்தக் குட்டி இதயத்தின் படபடப்பை நான் ஓட்டல் அடுப்படியில் நின்று கேட்டேன்.

அத்தை ஊருக்குக் கிளம்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்பு கேட்பார் என்றிருந்தேன். "உனக்கு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். கண்ணில் நன்றி இல்லை, பயம் இருந்தது. அதன் பிறகு வீடியோவில்கூட என்னை நேராகப் பார்ப்பதில்லை.

அக்டோபரில் கிழங்குகளைத் தோண்டி எடுத்தோம். கையுறை போட்டுக்கொண்டு, மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தோம். பிப்ரவரியில் பெண் பிறந்தாள். இந்த மாதம்தான் கவிதா அவளைப் புல்லில் விட ஆரம்பித்திருக்கிறாள், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்.

போன ஞாயிறு நாங்கள் சலித்த இடத்துக்கு நாலடி தள்ளி ஒரே ஒரு பூ வந்திருந்தது. எனக்கு முன்னால் குழந்தை தவழ்ந்து அதனிடம் போய்விட்டாள். பறிக்கவில்லை. தெரிந்தவர்களைப் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னக்கா அங்க?" என்று கவிதா வாசற்படியிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சாமி."

அவள் பயப்படக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். முழு உண்மை அதுவல்ல. வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த நாட்டில் மரம், புல், பறவை எதையும் எனக்கு அடையாளம் தெரியாது. பார்த்ததும் தெரிந்துகொண்டது இது ஒன்றைத்தான். கிழங்கோடு பிடுங்கி, டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பிரபு காரில் கொண்டுவந்து ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டுக் கடைத்தெருவில் இறக்கிவிட்டார். சேலைக்கடை வாசலில் குப்பைத் தொட்டி இருக்கிறது. ஒரு கையால் அதன் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். இன்னொரு கையில் டிஷ்யூவுக்குள் பூ, பிடுங்கியபோது இருந்ததைவிட இன்னும் விரிந்திருந்தது. போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மூடியைத் தூக்கிய கை வலிக்கும்வரை அப்படியே நின்றேன்.