மணியோசையில் தொட்ட ராஜா

இதை எழுதலாமென்று பல வருஷமாக உட்காருவேன். சாமி காரியமும் பெற்ற மகள் காரியமும் கலந்து கிடப்பதால் கை ஓடாது, எழுந்துவிடுவேன். பெருமாளை நினைத்துக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. சுவிட்சைப் போடுமுன் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கோயில் மணி கேட்டாலும் அப்படித்தான். அந்த நேரம் எதிரே எது இருக்கிறதோ அதைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்கும் அது வந்துவிட்டது.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவளுக்குச் செஸ் பைத்தியம். என் அக்கா தன் மகனுக்கு அவளைக் கேட்டு நடையாய் நடந்தாள்.

“ஏட்டி, குதிரையும் யானையும் உனக்குச் சோறு பொங்கிப் போடுமாக்கும்?”

“அத்தான் மட்டும் பொங்கிப் போட்டுருவாகளா அத்தை?”

சிரித்து ஓய்ந்தபின் மகளே ஒரு பேச்சு வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தால் ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. தோற்றால் சம்மதம். முதல் ஆட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே பேர் தெரியாதவர்களைத்தான் உட்கார வைப்பார்கள் என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

ஆண்டாளைச் சேவித்துவிட்டு மண்டபத்துக்குப் போனோம். எதிரே மதுரைப் பையன். அந்தப் போட்டியிலேயே அவனுக்கு மேல் ஆளில்லை.

“பாவம், அந்தப் பிள்ளை செத்த நேரத்துல வெளிய வந்துரும். டீ சொல்லிருவமா?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

வரவில்லை. நேரம் போகப் போகப் பையன் நகத்தைக் கடித்தான். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது.

அப்போது கோயிலில் உச்சிகால மணி அடித்தது. என் கை தானாகக் கயிற்றைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. காய் நகர்த்தும் முறை மகளுடையது. அவள் எதிரே இருந்த தன் ராஜாவைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பையன் கையைத் தூக்கினான். “சார், ராஜாவைத் தொட்டுட்டாங்க. அதைத்தான் நகத்தணும்.”

நடுவர் வந்தார். “தொட்டியாம்மா?”

“தொட்டேன் சார். மணி அடிச்சது, கும்பிட்டேன்.”

“காயைச் சரி பண்ணி வைக்கிறேன்னு சொல்லிட்டுத் தொட்டிருந்தா பரவாயில்ல. இல்லன்னா தொட்ட காயைத்தான் நகத்தணும், அதான் சட்டம்மா.”

அடுத்து அவனுடைய ராணியை வெட்ட இருந்தாளாம். ராஜாவை நகர்த்தியதில் ராணி தப்பிவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் அவள் கையில் நிற்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். “சாமி கும்பிட்டது தப்பாப்பா?”

“இல்லம்மா.”

“பொறவு ஏம்ப்பா இப்படி?”

“அத்தைகிட்ட நான் பேசுதேன். அந்தப் பேச்சை விட்டுரு” என்றேன்.

“சொன்னது சொன்னதுதாம்ப்பா.”

கல்யாணம் நடந்தது. மருமகனைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மணிச்சத்தம் கேட்டால் மகள் இப்போதெல்லாம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

ஆண்டாளே மணியடித்து இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தாள் என்று அக்கா சொல்லித் திரிகிறாள். பையன் ஏமாற்றிவிட்டான் என்பது தறிக்கூடத்துப் பேச்சு. இரண்டும் இல்லை. அவன் சட்டப்படி கேட்டான், இவள் மறைக்காமல் சொன்னாள், அவ்வளவுதான். நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால், பெற்ற அப்பனுக்கே தெரியவில்லையாம் என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.